உடையவே உடையாது, சார்

எந்த ஹார்டுவேர் கடையில் ஸ்க்ரூடிரைவர் பிட் கேட்டாலும் முதலில் வந்து விழும் வாக்கியம் இதுதான்: "உடையவே உடையாது, சார்." உடையுமா என்று யார் கேட்டார்கள்? பிட் உடைந்து மனமும் உடைந்துபோனவர் இந்த ஊரில் எத்தனை பேர்? கடை வாசலில் வந்து நிற்பவர்களின் குறையே வேறு. திருகின் தலையில் இருந்த பிளஸ் குறி தேய்ந்து வட்டமாகிவிட்டது. பிட் அதற்குள் சுகமாகச் சுற்றுகிறது. திருகு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசைய மறுக்கிறது. பிட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதாவது, உடையாத பிட்தான் அவர்களை இந்தக் கதிக்கு ஆளாக்கியிருக்கிறது. அவர்களிடம் அதைவிட உடையாத இன்னொன்றை எடுத்து நீட்டுவது, செருப்பு கடிக்கிறது என்பவரிடம் தோலின் தடிமனைப் புகழ்வதைப் போல. பெட்டியின் மேலும் அதே பல்லவிதான். 'எஸ்2 ஸ்டீல்' என்று ஒரு மூலையில், '62 எச்ஆர்சி' என்று இன்னொரு மூலையில், 'இம்பாக்ட் ரேட்டட்' என்று குறுக்கே, பின்னணியில் ஒரு மின்னல். இது எந்தத் திருகில் சரியாக உட்காரும் என்ற தகவலுக்கு மட்டும் இடமில்லை. மின்னலுக்கு இருக்கிறது.

பிட்களை ஒப்பிட்டுத் தரம் பிரிக்கக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: பொருத்தம், ஆயுள், பலம். மூன்றுக்கும் தனித்தனியாக மார்க் போட்டு, கூட்டி, முதல் ராங்க் அறிவிக்கிறார்கள். எந்த பிட் வாங்கலாம் என்பதை நானும் இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் இந்தக் கூட்டல் கணக்கையே கலைக்க வேண்டியிருக்கிறது. மூன்றும் சம அந்தஸ்துள்ள பாடங்கள் அல்ல. பொருத்தம் இருந்தால் சாதாரண பலமே போதும். பொருத்தம் இல்லாவிட்டால் பலம் கூடக் கூடச் சேதமும் கூடும். ஆயுளோ, பொருத்தம் எவ்வளவு நாள் நீடிக்கிறது என்பதற்கு இன்னொரு பெயர். இவ்வளவுதான் என் கட்சி. ஒரு விரல்கணு நீளமுள்ள இரும்புத் துண்டுக்காகக் கட்சி கட்டுகிறவனுக்கு மரை கழன்றுவிட்டதோ என்று தோன்றலாம். கழன்றால் பரவாயில்லை. கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் நிற்பவற்றைப் பற்றித்தான் என் புகார்.

பலத்தை முதலில் பைசல் பண்ணிவிடலாம். நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள, 8.8 என்று தரம் குறித்த எஃகு போல்ட்டை முழுமையாக இறுக்கச் சுமார் 3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். மூன்று மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஓரளவு யோக்கியமான 2ஆம் நம்பர் பிளஸ் பிட் இதைப்போலச் சில மடங்கைத் தாங்கும். நம் வீட்டுத் திருகுகளோ 8.8 தரத்தைக் கனவிலும் கண்டவை அல்ல. குக்கர் கைப்பிடி, ஸ்விட்ச் போர்டு, கதவுத் தாழ்ப்பாள், மிக்ஸியின் அடிமூடி ஆகியவற்றில் இருப்பவை பெரும்பாலும் மென்மையான இரும்பு. கொஞ்சம் வசதியான வீடு என்றால் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். இவற்றுக்கும் பிட்டுக்கும் நடக்கும் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்பது திருப்பத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஜெயிக்கப்போகிறவனை இன்னும் கொஞ்சம் பலசாலி ஆக்குவதற்குத்தான் இத்தனை மின்னலும் இடியும். வேடிக்கை என்னவென்றால், திருகுக்குள் சரியாக உட்காராத பிட் எவ்வளவு கடினமாக இருக்கிறதோ அவ்வளவு சுத்தமாகத் திருகின் தலையைக் கடைந்து எடுக்கும். மட்டமான பிட் என்றால் திருகோடு சேர்ந்து தானும் மழுங்கி, பாவத்தில் பங்கெடுத்துக்கொள்ளும். உயர்தர பிட் அந்த மரியாதையைக்கூடக் காட்டுவதில்லை.

இனி அந்தத் தலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். பொருத்தம் பார்க்க நம்மிடம் இருக்கும் பரிசோதனை ஒன்றே ஒன்று: பிட் உள்ளே போகிறதா? போனால் பொருத்தம். 1ஆம் நம்பர் பிட் 2ஆம் நம்பர் பள்ளத்துக்குள் தாராளமாகப் போகும். போய், அடியில் நுனியை ஊன்றிக்கொண்டு, நான்கு பக்கமும் காற்று வாங்கியபடி நிற்கும். 2ஆம் நம்பர் பிட்டை 1ஆம் நம்பர் பள்ளத்தில் வைத்தால் பாதி தூரம் இறங்கி அந்தரத்தில் தொங்கும். இரண்டிலும் சுமை முழுவதும் நான்கு மெல்லிய விளிம்புகளின் மேல்தான் விழுகிறது. சரியான அளவு என்றால், நுனி அடியில் முட்டுவதற்கு முன்பே இறக்கைகளின் பக்கங்கள் பள்ளத்தின் சுவரைக் கவ்வியிருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் தேவையில்லை. காந்தமில்லாத பிட்டின் நுனியில் திருகைச் செருகி, கிடையாகப் பிடித்து, திருகிலிருந்து கையை எடுத்தால் அது விழாமல் நிற்கிறதா, பிட்டை ஆட்டினால் கடகடவென்று ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். காசு செலவில்லாத சோதனை. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

அளவு மட்டும்தான் சிக்கல் என்றாலும் சமாளித்துவிடலாம். நாம் 'ஸ்டார்' என்றும் 'பிளஸ்' என்றும் சொல்வது ஒற்றை ஆள் அல்ல, ஒரு கூட்டுக் குடும்பம். திருகின் குறுக்குப் பள்ளங்களுக்கான ஐஎஸ்ஓ 4757 தரநிலையே எச், இசட் என்று இரண்டு வகை சொல்கிறது. எச் என்பது பிலிப்ஸ். பிட்டில் பிஎச் என்று பொறித்திருக்கும். இசட் என்பது போசிடிரைவ். பிஇசட் என்று இருக்கும். பிலிப்ஸில் இறக்கைகளின் பக்கங்கள் சரிந்திருக்கும். அதனால் திருப்பும் விசையில் ஒரு பங்கு பிட்டை மேலே தள்ளும் விசையாக மாறிவிடும். வழுக்கலின் மூலம் இதுதான். போசிடிரைவில் பக்கங்கள் ஏறக்குறைய இணையாக இருப்பதால் தள்ளல் குறைவு. அடையாளத்துக்குத் திருகின் தலையில், பிளஸ் குறியின் கைகளுக்கு நடுவே, 45 டிகிரியில் நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்து நாமே பூட்டிக்கொள்ளும் அலமாரிகளில் பெரும்பாலும் இந்தத் திருகுதான். அதில் பிலிப்ஸ் பிட்டைச் செருகினால், 'உள்ளே போகும்'. போகட்டும். ஜப்பான்காரர்கள் ஜேஐஎஸ் என்று மூன்றாவது ஒன்று வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு பிலிப்ஸேதான், தலையில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் கூடுதல். பழைய ஜப்பானிய பைக்குகளின் கார்புரேட்டர் திருகுகள் எப்படி மொட்டையாகின என்பதற்கு அந்தப் புள்ளியை யாரும் பார்க்காததே போதுமான விளக்கம். இவை போதாதென்று, வீட்டு எம்சிபி பெட்டியைத் திறந்தால் பல எம்சிபிகளில் பாதி போசிடிரைவும் பாதி மைனஸுமாக ஒரு கலப்புத் தலை இருக்கும். அதற்கென்றே தனி முனை செய்து விற்கிறார்கள். எலக்ட்ரீஷியன் பையில் இருப்பதோ டெஸ்டர். டெஸ்டரும் உள்ளே போகும்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் கையைத் தூக்குவார். "சார், பிலிப்ஸ் வழுக்குவது குறை இல்லை, குணம். கார் தொழிற்சாலையில் மெஷின் அளவுக்கு மீறி முறுக்கித் திருகை முறித்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆவணம் வேறு சொல்கிறது. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ், ஜான் தாம்சன் என்பவரின் கண்டுபிடிப்பை வாங்கி, மெருகேற்றி, 1936இல் காப்புரிமைகள் பெற்றார். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கேடிலாக் கார்களில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் உலகம் பின்னால் போனது. அந்த முதல் காப்புரிமைகளில் வழுக்கலைப் பெருமையாகச் சொல்லும் பேச்சே இல்லை. பிறகு வந்த ஒரு திருத்தத்தில்தான் அது குணமாகப் பதவி உயர்வு பெறுகிறது. உண்மையிலேயே அது அவ்வளவு நல்ல குணம் என்றால், பிலிப்ஸ் ஸ்க்ரூ கம்பெனியே பின்னாளில் பள்ளத்தில் வரிகள் போட்டு, 'வழுக்காது' என்று சொல்லி, ஏசிஆர் என்ற வகையைக் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை. இன்னொரு சாட்சி இதற்கும் முந்தையது. கனடாவின் பீட்டர் ராபர்ட்சன் 1908இலேயே சதுரப் பள்ளத் திருகைச் செய்து, அடுத்த ஆண்டு காப்புரிமையும் வாங்கி, ஒன்டாரியோவின் மில்டன் நகரில் தொழிற்சாலை நடத்தினார். பிட்டில் செருகினால் திருகு தானே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒற்றைக் கையால் வேலை முடியும். பொருத்தத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஃபோர்டு உரிமம் கேட்டபோது அவர் கொடுக்க மறுத்ததாகச் சொல்வார்கள். எப்படியோ, கார் கம்பெனிகள் எதை வாங்கினவோ அது உலகத்துக்கு வந்தது. பொருந்தியது கனடாவோடு நின்றுவிட்டது. ஆகவே வழுக்குவது விதியும் இல்லை, வடிவமைப்பாளரின் அருளும் இல்லை. வாங்குகிறவர்கள் பொருத்தத்தைப் பற்றிக் கவலைப்படாததன் பலன்.

அந்தக் கவலையின்மையின் நினைவுச் சின்னமாக நம் எல்லார் வீட்டிலும் நூறு பிட் உள்ள ஒரு பெட்டி இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் மேலே போக முடியாது. பெட்டியின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எனவே திறந்தவுடன் நூறும் தரையில் கொட்டும். கொட்டாவிட்டால் அதைவிட மோசம், ஏனென்றால் ரப்பர் பள்ளத்தில் ஒவ்வொரு பிட்டும் அப்படி இறுகியிருக்கும். ஒன்றை நெம்பி எடுக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். நூறில் என்னென்ன இருக்கின்றன? நடுவில் துளையுள்ள டார்க்ஸ் ஒரு வரிசை. சாமானியர் கழற்றக் கூடாது என்று ஒரு கம்பெனி முடிவுசெய்த திருகுகளுக்காக. துளையில்லாத டார்க்ஸ் ஒரு வரிசை, துளை பிடிக்காதவர்களுக்காக. மூன்று இறக்கை வைத்த ஒன்று. நின்டென்டோ விளையாட்டுப் பெட்டியைப் பிரிக்க. கைகள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் கோணல் பிளஸ் ஒன்று, விமானத்தைப் பிரிக்க. வீட்டில் விமானம் ரிப்பேர் ஆகும்போது அருமை தெரியும். வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்று. அமெரிக்காவில் இழுத்துக்கொண்டு திரியும் டிரெய்லர் வீடுகளுக்காக. இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்று. பொதுக் கழிப்பறையின் தடுப்புப் பலகையை யாரும் கழற்றிக்கொண்டு போகாமலிருக்கப் போடும் திருகுக்காக. அதை நம்மிடம் விற்கிறார்கள் என்றால், நம்மை என்னவென்று நினைத்தார்கள்? சதுரம் நான்கு, கனடாவிலிருந்து விருந்தாளி வந்தால். அறுகோணம் மில்லிமீட்டரில் ஒரு வரிசை, அங்குலத்தில் ஒரு வரிசை. அறுபத்துநான்கில் ஐந்து பாகம், அறுபத்துநான்கில் ஏழு பாகம் என்று வாய்ப்பாடு ஒப்பிக்கும் அந்த வரிசையை இந்தியாவில் யாராவது பயன்படுத்தினால் அவருக்கு நானே மாலை போடுகிறேன். பிளவுபட்ட நாக்கோடு ஒன்று. இறக்கை நட்டைத் திருப்ப. கையாலேயே திருப்பலாம் என்பதற்காகத்தான் அந்த நட்டுக்கு இறக்கையே வைத்தார்கள்.

இன்னும் முடியவில்லை. மைனஸ் ஏழெட்டு, எல்லாம் ஒரே அகலம் மாதிரி தெரியும். ஒவ்வொன்றின் உடம்பிலும் அளவு பொறித்திருக்கும். அதை வாசிக்க நகைக்கடைக்காரரின் பூதக்கண்ணாடி வேண்டும். நடுவே ஓர் எக்ஸ்டென்ஷன், காந்தப் பிடி ஒன்று, எதற்கு என்று யாருக்கும் தெரியாத உருளை ஒன்று. சரி, நமக்கு வேண்டியது எது? பிஎச் 2. சுவரில், கதவில், ஃபேனில், மேசையில் இருக்கும் திருகுகளில் பாதிக்கு மேல் கேட்பது அதைத்தான். பெட்டியில் அது எத்தனை? இரண்டு, தாராளமான கம்பெனியானால் மூன்று. அதில் ஒன்று போன வருஷமே காணாமல் போய்விட்டது. மற்றொன்று இருக்கிறது, ஆனால் அது செத்துப்போனது. இறக்கைகள் மழுங்கி, விளிம்புகள் பளபளத்து, எந்தத் திருகையும் பிடிக்காத நிலையில் இருக்கிறது. இங்கேதான் நம் குலவழக்கம் வருகிறது: வழுக்கிய பிட்டை வெளியே எடுத்து, திட்டி, துடைத்து, பத்திரமாக அதே பள்ளத்தில் திரும்ப வைப்போம். தூக்கி எறிய மனம் வராது, இரும்பாயிற்றே. அடுத்த முறை வேறு திருகுக்கு அதே செத்த பிட்டை எடுத்து, அது வழுக்கியதும், 'இந்த ஸ்க்ரூ சரியில்லை' என்று தீர்ப்பு எழுதி, மறுபடி அதே பள்ளத்தில் வைப்போம். விமானத்தைப் பிரிக்கும் பிட் மட்டும் தொழிற்சாலையின் எண்ணெய் வாசனையோடு, கன்னி கழியாமல், பேரன் காலம் வரை இருக்கும். நூறு பிட்டின் ஆயுளையும் சராசரி பார்த்தால் அந்தக் கம்பெனியின் ஆயுள் மார்க் பிரமாதமாகத்தான் வரும்.

விட்ட இடத்துக்கு வருவோம். என் கட்சிக்கு வலுவான மறுப்பு தச்சர்களிடமிருந்து வரும். "வீட்டுக்காரர் வருஷத்துக்கு நாலு ஸ்க்ரூ திருப்புவார், அவருக்குப் பலம் வேண்டாம். நாங்கள் ஒரு மாடுலர் கிச்சனுக்கு ஆயிரக்கணக்கில் அடிக்கிறோம், அதுவும் இம்பாக்ட் டிரைவரில்." நியாயம். பதினெட்டு வோல்ட் இம்பாக்ட் டிரைவர்களில் பலவற்றுக்கு 150 நியூட்டன் மீட்டருக்கு மேல் என்று போட்டிருப்பார்கள். அது சீரான முறுக்கு அல்ல. உள்ளே ஒரு சுத்தியல் சுற்றிச் சுற்றி வந்து அடிக்கும் அடி. மேலும் ஜிப்சம் போர்டுக்கென்று வந்து, இப்போது பிளைவுட் எல்லாவற்றிலும் இறங்கும் கறுப்பு ஸ்க்ரூ மேல்தோல் கடினமாக்கப்பட்டது; அங்கே தேய்வது பிட்தான். ஆனால் இந்த மறுப்பை அதன் முடிவு வரை கொண்டுபோனால் அது என் பக்கம்தான் வந்து சேர்கிறது. இம்பாக்ட் டிரைவருக்கென்று செய்யும் நல்ல பிட்டை உற்றுப் பாருங்கள்: நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அந்த இடுப்பு இம்மி முறுக்கிக்கொண்டு, உடனே பழைய நிலைக்கு மீண்டு, அடியின் உச்சத்தைத் தன்னில் வாங்கிக்கொள்கிறது. எதற்காக? அந்த உச்சம் முனைக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள பிடியைப் பிய்த்துவிடக் கூடாது என்பதற்காக. அதாவது, பலத்தைக் கேட்டு அடிக்கும் இடத்தில்கூடத் தொழில்நுட்பம் தேடிப்போனது விறைப்பை அல்ல, பிடி விடாமல் இருப்பதை. தச்சர் வாங்குவதையும் கவனியுங்கள். அவர் நூறு பிட் பெட்டியைத் தொடுவதே இல்லை. இருபக்கமும் முனையுள்ள 65 மில்லிமீட்டர் பிஎச் 2 பிட், ஒரே அளவில், கொத்தாக வாங்குகிறார். ஒரு முனை மழுங்கினால் திருப்பிப் போடுகிறார். மறுமுனையும் மழுங்கினால் வீசிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். இரும்பாயிற்றே என்று அழுவதில்லை. திருப்புளியைத் தொழிலாகக் கொண்டவருக்கு பிட் என்பது செலவாகும் பொருள். நமக்குத்தான் அது பரம்பரைச் சொத்து.

அடுத்தவர் ஆயுள்காரர். "எச்ஆர்சி அதிகமானால் தேய்மானம் குறையும், அதைத்தானே பெட்டியில் போட்டிருக்கிறார்கள்?" போட்டிருக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது? 120 டிகிரி கோணமுள்ள வைரக் கூம்பை 150 கிலோ விசையில் உலோகத்தின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் குழிகிறது என்று அளப்பதிலிருந்து. கனெக்டிகட்டின் ஹ்யூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் பால் பேரிங் வளையங்கள் சரியாகப் பதமாகியிருக்கின்றனவா என்று பார்க்க அந்தக் கருவிக்கு 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1919இல் கிடைத்தது. குழிவிழாமை ஒரு நல்ல குணம்தான். ஆனால் எஃகில் கடினம் ஏற ஏற நொறுங்கும் சுபாவமும் ஏறும். அதனால்தான் எஸ்2 போன்ற அதிர்ச்சி தாங்கும் எஃகை எடுத்து, கடினமாக்கி, பிறகு மறுபடி சூடாக்கிக் கொஞ்சம் இறக்கிக்கொடுக்கிறார்கள். எங்கே நிறுத்தினார்கள், முனையை எவ்வளவு துல்லியமாக அறுத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பிட் வாழ்கிறது, சாகிறது. பெட்டியிலுள்ள அந்த ஒற்றை எண் இவற்றில் எதையும் சொல்வதில்லை. அதோடு, பிட் தேய்வது எப்போது? ஒழுங்காக உட்கார்ந்து திருப்பும்போது அவ்வளவாகத் தேய்வதில்லை. வழுக்கும்போதுதான் தேய்கிறது. ஒவ்வொரு 'கர்ர்ர்' சத்தத்திலும் இறக்கையின் விளிம்பில் ஒரு துகள் போகிறது. போன அளவுக்குப் பிடி குறைகிறது. குறைந்த பிடி அடுத்த 'கர்ர்ர்'ரை அழைத்துவருகிறது. நல்ல எஃகு இதைத் தள்ளிப்போடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதைக் காப்பாற்றுவதற்காகத் தள்ளிப்போடுகிறது? முனையின் வடிவத்தை. வடிவம் போன பிஎச் 2, எச்ஆர்சி எவ்வளவு இருந்தாலும் பிஎச் 2 இல்லை.

"காந்தம் இருக்கிறதே, திருகு விழவே விழாது" என்பவருக்குப் பதில் சுருக்கமானது. காந்தத்தைப் போல ஒரு பொய்சாட்சி கிடையாது. பொருந்தாத திருகையும் அது அதே பாசத்தோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். கையை எடுத்துப் பார்க்கும் அந்த இலவசச் சோதனையை அடியோடு கெடுத்தது அதுதான். "எல்லாரும் டார்க்ஸுக்கு மாறிவிட்டால் இந்தப் பேச்சே இருக்காது" என்பவரிடம் பாதி ஒத்துப்போகிறேன். 1967இல் வந்த அந்த ஆறிதழ் வடிவத்தில் பிட்டை வெளியே தள்ளும் விசை பெரிதாக இல்லை, வழுக்கல் குறைவு. ஆனால் டி25 திருகுக்குள் டி20 பிட் போகுமா? போகும். உள்ளே போனால் போதும் என்று இருக்கிறவர்களுக்கு ஆறிதழ் என்ன, அறுபது இதழ் பூத்தாலும் மொட்டையாக்கிக் காட்டுவார்கள்.

எனக்குப் பதில் சொல்ல முடியாத மறுப்பு ஒன்று உண்டு. அது திருகின் பக்கத்திலிருந்து வருகிறது. ஜெர்மனியில் செய்த பிட்டே கையில் இருக்கட்டும். சந்தையில் கிலோ கணக்கில் வரும் மலிவுத் திருகில் பள்ளமே அரைகுறை ஆழமாக, ஒரு பக்கம் சாய்ந்து அச்சடித்திருந்தால் பிட் என்ன செய்யும்? அதற்கும் மேலே, வெள்ளையடிக்கிறவர் இருக்கிறார். ஸ்விட்ச் போர்டின் திருகு, கதவுக் கீலின் திருகு, ஜன்னல் கொக்கியின் திருகு என்று ஒன்றையும் விடாமல், பிளஸ் குறி நிரம்பி வழியும் வரை பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். பட்டி பார்க்கிறவர் மிச்சத்தை அடைத்துவிடுவார். பொருத்தம் என்று நான் இத்தனை நேரம் வாதாடிய அந்தப் பள்ளம் அங்கே சுவரின் ஒரு பகுதி. அடுத்த பொங்கலுக்கு முன்னால் அதே போர்டைக் கழற்றும்போது, பெயின்டைச் சுரண்டி எடுக்க ஒரு நிமிஷம் செலவழிக்க யாருக்கும் பொறுமை இருக்காது; அதன் மேலேயே பிட்டை வைத்து மெஷினை அழுத்துவார்கள். பிறகு, பிட் சரியில்லை என்று கடைக்குப் போவார்கள். கடைக்காரர் என்ன சொல்வார் என்பது தெரியும்.

எந்த பிட் வாங்கலாம் என்று சொல்வதாகச் சொல்லியிருந்தேன். சொல்லலாம், ஆனால் அதற்கு முன்னால் உங்கள் திருகு பிஎச்சா பிஇசட்டா, ஒன்றா இரண்டா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். பார்த்துவிட்டு வந்தாலும், பிஇசட் 2 ஒன்றே ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் நூறு பிட் பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். ஆகவே பெயர் சொல்வதில் பிரயோஜனமில்லை. நமக்குப் பொருத்தம் பார்க்கத் தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். அதற்கு எதிராகப் பலமான சாட்சியம் இருக்கிறது. சுவரில் ஓட்டை பெரிதாகித் திருகு லொடலொடவென்று ஆடும்போது நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். ஒரு தீக்குச்சியை மருந்தைக் கிள்ளிவிட்டுச் செருகுகிறோம். திருகை வைத்து அசைத்துப் பார்க்கிறோம். போதாது. இன்னொரு குச்சியைப் பாதியாக ஒடித்துப் பக்கத்தில் நுழைக்கிறோம். இப்போது அதிகம், உருவி எடுத்து, நகத்தால் நீளவாக்கில் கிழித்து, மெல்லியதை மட்டும் திரும்ப வைக்கிறோம். கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து, அரை மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருத்துகிறோம். தீப்பெட்டி வாங்கும்போது குச்சி உடையுமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.